ரேவதி அனுப்பாத அழைப்பு

ஒருவருக்கு எந்த ஊரிலிருந்து கடிதம் வருகிறது, அவர் எந்த முகவரியில் இருக்கிறார் என்பதை, அந்தக் கடிதத்தைக் கையாளும் ஊழியர் மூன்றாவது ஆளிடம் சொல்லக் கூடாது. கேட்பவர் பெற்றவராக இருந்தாலும் சரி, தாலி கட்டியவராக இருந்தாலும் சரி. தபால் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முதலில் சொல்லிக் கொடுக்கப்பட்ட விதி இது. இதைவிட நீளமான விதிகள் நிறைய இருந்தன. கோந்து டப்பா யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதற்குக்கூட ஒன்று இருந்தது. எல்லாவற்றையும் இன்றைக்கும் ஒப்பிப்பேன். யாரும் கேட்பதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு நான் சேர்ந்த இடத்தில் விதி கிடையாது. 'பாலிசி' இருந்தது. இணையதளத்தின் அடியில், எறும்புக்கு மட்டும் வாசிக்க வருகிற அளவு எழுத்தில் அதைப் போட்டிருந்தார்கள். வேறொரு தளத்திலிருந்து எடுத்து ஒட்டியது. ஓரிடத்தில் அந்தத் தளத்தின் பெயரைக்கூட மாற்ற மறந்திருந்தார்கள். அதைச் சுட்டிக்காட்டியதுதான் அந்த நிறுவனத்துக்கு நான் செய்த முதல் சேவை. "அதெல்லாம் யாரு சார் படிக்கறாங்க" என்பது எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

நீங்கள் இணையதளம் ஒன்றில் புதிதாகப் பதிவு செய்பவர்களுக்கு மின்னஞ்சல் எழுதும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். எந்த நேரத்தில் அனுப்பினால் திறந்து பார்ப்பார்கள், தலைப்பில் பெயர் வைத்தால் எத்தனை பேர் சொடுக்குவார்கள் என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது, அப்படிப்பட்ட ஒரு மின்னஞ்சலைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் எங்கள் அலுவலகத்தின் படியேறி வந்த காலையைப் பற்றி.

அதற்கு முன்னால் 1989க்கு ஒரு நடை போய்விட்டு வரலாம்.

கீழ்பென்னாத்தூரில் நான் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். வசதியான ஒரு விவசாயி, பின்னால் இரண்டு ஆட்களோடு வந்தார். வீட்டைவிட்டுப் போய்விட்ட மகள், உள்ளூரில் இருக்கும் சிநேகிதிக்குக் கடிதம் போடுகிறாளாம்.

"லெட்டர நீங்க பிரிக்க வேணாம். எந்த ஊரு முத்திரைன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. மீதிய நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

'மீதி' என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தாராளமா சொல்லலாம். ஒரு மனு எழுதிக் குடுங்க. நான் மேலாபீசுக்கு அனுப்பறேன். அவங்க அதுக்கும் மேல அனுப்புவாங்க. அங்க ஒரு கேள்வி கேட்டு நமக்கே திருப்புவாங்க. நாம பதில் எழுதுவோம்."

"எவ்ளோ நாளாவும்?"

"அதுக்குள்ள உங்களுக்குப் பேரனே பொறந்துடுவான்."

பின்னால் நின்ற ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அவர் திரும்பி அவனை முறைத்தார், எங்களை முறைத்தார், பஸ் வந்தது, போய்விட்டார். 'முடியாது' என்று சொன்னால் எதிராளி சண்டைக்கு நிற்பான்; 'மனு எழுதுங்கள்' என்று சொன்னால் யோசிப்பான். நடைமுறைக்கு இப்படி ஒரு பயன் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரை அது எங்களை வதைப்பதற்காகச் செய்யப்பட்டது என்று நினைத்திருந்தேன்.

இனி 2006. திருவண்ணாமலையில் செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு ஜூஸ் கடைக்கு மேல் மாடியில் எங்கள் நிறுவனம். பௌர்ணமிக்கு ஊருக்குள் அறை கிடைக்காது என்பதால், கிரிவலப் பாதையில் வீடு வைத்திருப்பவர்கள் ஓர் அறையைச் சுண்ணாம்படித்து வாடகைக்கு விடுவார்கள். அந்த அறைகளை இணையத்தில் பதிவு செய்ய வைப்பது எங்கள் தொழில். முதலாளி செந்தில், என் மகன் வயது. நல்ல பிள்ளை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கெட்டவர்கள் செய்த வேலையாக இருந்தால் இதை உங்களிடம் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. தொலைபேசியைப் பார்த்துக்கொள்ள கோமதி என்ற பெண். வருகிற கடிதங்களுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பதில் எழுத நான்.

ஐப்பசிப் பௌர்ணமியன்று காலை. நான் மகள் வீட்டில் சில வாரங்கள் இருந்துவிட்டு அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். கீழே சாலையில் கூட்டம் நடக்கத் தொடங்கியிருந்தது. கோமதி தொலைபேசியில், "ரூம் இல்லங்க, சத்தியமா இல்லங்க" என்று யாருக்கோ சத்தியம் செய்துகொண்டிருந்தபோது அந்த ஆள் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பொம்மைப் பெட்டி. மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"என் ஒய்ஃப் உங்க சைட்டுலதான் ரூம் போட்டிருக்காங்க. என்னையும் வரச்சொல்லி மெயில் அனுப்பிருக்காங்க. சர்ப்ரைஸா போய் நிக்கலாம்னு ஓசூர்லேந்து வரேன். எந்த வீடுன்னு மட்டும் சொல்லுங்க மேடம்."

கோமதி உருகிவிட்டாள். "அய்யோ, எவ்ளோ நல்ல மனசு சார்! பேரு சொல்லுங்க."

அவர் ஒரு பெயர் சொன்னார். ரேவதி என்று வைத்துக்கொள்வோம். அது அந்தப் பெண்ணின் உண்மைப் பெயரல்ல. கோமதியின் விரல்கள் விசைப்பலகைக்குப் போயின.

"அந்த மெயில கொஞ்சம் பாக்கலாமா?" என்றேன்.

எனக்கு அப்போது எந்தச் சந்தேகமும் இல்லை. எந்தக் காகிதத்தையும் வாசிக்காமல் அடுத்த கைக்கு விடக் கூடாது என்பது முப்பது வருடப் பழக்கம், அவ்வளவுதான். அவர் ஓர் அச்சுப் பிரதியை நீட்டினார்.

'அன்பு நண்பரே! இந்தப் பௌர்ணமிக்கு நான் திருவண்ணாமலையில் இருக்கிறேன்! அடி அண்ணாமலையில் அருமையான அறை எடுத்திருக்கிறேன். நீங்களும் வாருங்களேன்! அன்புடன், ரேவதி.' அடியில் எங்கள் தளத்தின் சின்னம்.

நான் அதை இரண்டு முறை வாசித்தேன். எந்த மனைவி புருஷனை 'அன்பு நண்பரே' என்று விளிப்பாள்? ஊருக்கு வரச்சொல்லி அழைப்பவர், எந்த வீடு என்று சொல்லாமலா அழைப்பார்?

"அவங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே" என்றேன்.

"சுவிட்ச் ஆஃப்லயே இருக்குது சார்."

"இன்னிக்கா?"

"மூணு மாசமா" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. கோமதியின் விரல்கள் விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றன.

"கொழந்தையையும் தூக்கிட்டுப் போயிட்டா சார். தேடாத எடம் இல்ல. இப்பதான் அவளுக்கே மனசு எறங்கி மெயில் போட்டிருக்கா." குரல் இன்னும் மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் பொம்மைப் பெட்டியைப் பிடித்திருந்த பிடியில் அட்டை நசுங்கிக்கொண்டிருந்தது.

மனசு இறங்கி எழுதியது என்றால், மறுபடியும் ஏன் தேட வேண்டும்? எனக்குக் கீழ்பென்னாத்தூர் போஸ்ட்மாஸ்டரின் கண்ணாடி நினைவுக்கு வந்தது. என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"தாராளமா சொல்லலாங்க. ஒரு மனு எழுதிக் குடுங்க. அடையாளச் சான்று நகல் ஒண்ணு வைங்க. ரூம் அவங்க பேர்ல இருக்கறதால அவங்க சம்மதம் வாங்கிட்டுத்தான் சொல்ல முடியும்."

"எம் பொண்டாட்டி சார்."

"அதனாலதான் சுலபமா சம்மதிச்சிடுவாங்க. எழுதுங்க."

"நான் போலீசுக்குப் போவேன்."

"ரொம்ப நல்லது. அவங்க எழுத்துல கேட்டா நாங்க எழுத்துல சொல்லிடுவோம். சங்கடமே இல்ல."

 "அடி அண்ணாமலை என்ன மெட்ராஸா? நாலு தெரு. வீடு வீடா கேட்டுக்கறேன். நீங்க மனுவ வச்சிக்கினு பூஜை பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பொம்மைப் பெட்டி என் மேசைமேல் இருந்தது.

கோமதி அழுதுவிட்டாள். "நான் சொல்லியிருப்பேன் சார். இன்னும் ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பேன்."

"சொல்லல இல்ல? செந்தில கூப்பிடு."

செந்தில் வந்தான். அந்த மெயிலை யார் எழுதியது என்று கேட்டேன். அவன் முகம் மலர்ந்தது. நான் ஊரில் இல்லாதபோது பெங்களூரில் ஒரு நிறுவனத்திடமிருந்து வாங்கிய புது புரோகிராமாம் அது.

"சூப்பர் சார் அது! புதுசா ஒருத்தர் சேந்தா போதும். அவங்க பிரெண்ட்சுக்கெல்லாம் அதுவே இன்விடேஷன் அனுப்பிடும். அவங்க எழுதற மாதிரியே போவும். நம்ம பேர்ல அனுப்பினா ஓப்பன் பண்றது கம்மி சார். தெரிஞ்சவங்க பேர்ல வந்தா ஜாஸ்தி."

"பிரெண்ட்ஸ் யாருன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

திரையில் காட்டினான். பதிவுப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் மின்னஞ்சல் முகவரி. அடுத்த கட்டத்தில், அந்த மின்னஞ்சலைத் திறக்கும் கடவுச்சொல். அறை வேண்டும் என்று வருபவர், இரண்டையும் நிரப்பினால்தான் அறை கிடைக்கும் என்று நினைத்து நிரப்பிவிடுவார். கீழே, 'என் நண்பர்களுக்குத் தெரிவிக்கவும்' என்ற வரிக்குப் பக்கத்தில் ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருந்தார்கள். 'வேண்டாம்' என்ற சொல்லைத் தேடினேன். சாம்பல் பின்னணியில் சாம்பல் நிறத்தில், திருநீற்றில் விழுந்த கொசு மாதிரி ஒரு மூலையில் இருந்தது.

நான் புரிந்துகொண்டது சரிதானா என்று அறிய ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். "நம்மகிட்ட ரூம் கேட்டு ஒருத்தர் வராரு. நாம அவரு வீட்டுச் சாவிய வாங்கறோம். உள்ள போய் அவரு டயரிய எடுக்கறோம். அதுல இருக்கற எல்லாருக்கும், அவரு கையெழுத்துல, அவரு இங்க இருக்காருன்னு லெட்டர் போடறோம்."

"அப்படிச் சொன்னா அசிங்கமா இருக்குது சார்" என்றான் செந்தில்.

"வேற எப்படிச் சொல்லணும்?"

"அவங்க ஓகே குடுத்திருக்காங்க சார்."

"ஓகே குடுத்தது நீ. அவங்க அழிக்காம விட்டாங்க."

தபால் துறையில் எல்லா வகைக் கோளாறும் பார்த்தவன் நான். கடிதத்தைக் கிணற்றில் போட்ட ஆளைப் பார்த்திருக்கிறேன். மணியார்டரில் கைவைத்தவரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் எழுதாத ஒரு கடிதத்தை, எழுதாத ஒருவரின் பெயரில், அவர் யாரிடமிருந்து ஒளிந்திருக்கிறாரோ அவருக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் தபால்காரரை நான் பார்த்ததில்லை. கற்பனையில்கூட எங்களுக்கு அந்தத் திறமை இருந்ததில்லை. 

ரேவதியின் பெயரில் போன அழைப்புகளைக் கோமதி திறந்து காட்டினாள். பழைய அலுவலகத்துக்காரர்கள், குழந்தையின் பள்ளி, கேஸ் ஏஜென்சி, புருஷன், புருஷனின் அண்ணன். அவர் வாழ்க்கையில் என்றைக்கோ மின்னஞ்சல் அனுப்பிய எல்லோரும் இருந்தார்கள். பதில் போடாதவர்களுக்கு இரண்டாவது நினைவூட்டலும் போயிருந்தது. 'இன்னும் யோசிக்கிறீர்களா? ரேவதி உங்களுக்காகக் காத்திருக்கிறார்!'

அதைப் பார்த்த பிறகு செந்திலின் முகத்தில் ரத்தம் இல்லை. அவன் பங்குக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும்: அவன் வாதாடுவதை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டான்.

"சார், உடனே எல்லாருக்கும் ஒரு சாரி மெயில் போட்டுடலாம். அந்த மெயில ரேவதி அனுப்பல, எங்க சைட்டு தப்பா அனுப்பிடுச்சுன்னு."

இங்கேதான் உங்களைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்கிறேன். நீங்களும் இதைத்தான் செய்திருப்பீர்கள். தவறு செய்தவுடன் மன்னிப்புக் கேட்கக் கை பரபரக்கும். ஆனால் அந்த மெயில் என்ன சொல்லும்? ரேவதி எங்களிடம் பதிவு செய்தது உண்மை என்று சொல்லும். முதல் மெயிலைக் குப்பை என்று தள்ளியிருந்த புருஷனின் அண்ணன்கூட இரண்டாவதைப் பார்த்துக் கிளம்பி வருவார். நம் மனப்பாரத்தை இறக்கி வைக்க ரேவதி தலையில் இன்னொரு மூட்டை.

"வேணாம்" என்றேன்.

"அப்போ அவங்களுக்கு மட்டும் ஒரு மெயில்?"

"அந்த மெயில் பெட்டியோட சாவி புருஷன்கிட்ட இல்லன்னு உனக்குத் தெரியுமா?"

 ரேவதி பதிவில் கொடுத்திருந்த எண்ணுக்குக் கோமதி அடித்துப் பார்த்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அறை விட்டிருந்த வீட்டுக்காரம்மாவுக்குத் தொலைபேசி கிடையாது; அவர் மகன் வந்து வாரம் ஒருமுறை பதிவுகளைத் தெரிந்துகொண்டு போவான்.

"ஸ்கூட்டில போயிடலாம் சார்" என்றாள் கோமதி. "ரோட்டுல போலீஸ் வண்டிங்கள நிறுத்தறதுக்குள்ள பின்பக்கமா பூந்துடலாம். கெட்டியா புடிச்சிக்கணும், அவ்ளோதான்."

கூட்டம் செங்கம் சாலையை அடைத்துக்கொண்டு நடந்தது. கோமதி சந்துகளிலும் வயல் வரப்பிலுமாக வண்டியை விட்டாள். முப்பது வருடம் சைக்கிளுக்கு மேல் வேகமாகப் போகாதவன் நான். அண்ணாமலையாரைக் கூப்பிட்டேன், அன்றைக்கு எல்லோரும் அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்ததால் என் குரல் தனியாகக் கேட்டிருக்காது.

அடி அண்ணாமலையில் அந்த வீட்டு வாசலில் ஓர் அம்மாள் கூட்டத்துக்கு விற்க மோர் கலக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை அளந்தார்.

"ரூம்ல ஒரு பொண்ணு தங்கியிருக்காங்களே" என்றேன்.

"எந்த ரூம்ல? இங்க யாரும் இல்லியே."

"நாங்க அந்த இணையதளத்துலேந்து வரோம்மா. நீங்க பயப்பட வேணாம்."

"நான் ஏன் பயப்படறேன்? நீங்க யாரா இருந்தா எனக்கின்னா? இல்லன்னா இல்ல."

கோமதி, "அம்மா, எங்க கம்ப்யூட்டர்லயே இருக்குதும்மா" என்றாள்.

"அப்போ கம்ப்யூட்டர்லயே போய்த் தேடு."

அப்போது உள்ளே ஒரு குழந்தை தும்மியது.

 அந்த அம்மாள் கண்ணிமைக்காமல், "பூனை" என்றார். "சளி புடிச்சிருக்குது."

மூன்றாவது ஆளிடம் சொல்லக் கூடாது என்ற அந்த விதியை நான் எத்தனையோ பேரிடம் பிரயோகித்திருக்கிறேன். முதல்முறையாக அது என் மேல் பிரயோகிக்கப்பட்டது. அதில் ஓட்டையே இல்லை. அந்த அம்மாளின் இடத்தில் நான் இருந்தாலும், என்னைப் போன்ற ஆளை நம்பியிருக்க மாட்டேன். ஆகவே கேட்பதை விட்டேன். மோர்ப் பானையின் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே கேட்கும்படி உரக்கப் பேசினேன்.

"இங்க யாரும் இல்லம்மா. சரி. ஒருவேளை யாராவது இருந்திருந்தா, அவங்ககிட்ட இதச் சொல்லியிருப்பேன். அவங்க வீட்டுக்காரரு இன்னிக்கு ஊர்ல இருக்காரு. இந்தத் தெருவுக்கு எப்ப வேணும்னாலும் வருவாரு. அவரு வந்ததுக்கு அவங்க காரணம் இல்ல. அவங்க ஒண்ணும் தப்பு பண்ணல. ரூம் போடும்போது எங்க சைட்டு அவங்களக் கேக்காம, அவங்க பேர்லயே எல்லாருக்கும் மெயில் போட்டுடுச்சி. புருஷனோட அண்ணனுக்கும் போயிருக்குது. அந்த மெயில் பெட்டிய இனிமே தொட வேணாம். எந்த ஊருக்குப் போறாங்கன்னு எங்ககிட்டகூடச் சொல்ல வேணாம். எங்ககிட்டச் சொல்றது எவ்ளோ பத்திரம்னு இப்ப தெரிஞ்சிருக்கும். போய்ச் சேந்தா, சேந்தேன்னு ஒரு வார்த்த மட்டும் செங்கம் ரோடு ஆபீசுக்குப் போட்டாங்கன்னா போதும். எனக்குத் தூக்கம் வரும்."

உள்ளே ஏதோ ஒரு பாத்திரம் மெதுவாகக் கீழே வைக்கப்பட்டது. அந்த அம்மாள் ஒரு டம்ளர் மோரை என் கையில் கொடுத்தார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"பூனைகிட்டச் சொல்றேன். குடிச்சிட்டுக் கெளம்புங்க."

கிளம்பினோம். தெருவில் கால் வைத்ததும் கோமதி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். எதிர்ச் சாரியில், டீக்கடைப் பலகையில் அந்த ஆள் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

 எச்சரிக்க வந்த நானே விரலை நீட்டி வீட்டைக் காட்டிவிட்டேன். ஒரு மெயில் கிராமத்தைச் சொன்னது. நான் கதவைச் சொல்லிவிட்டேன். ஓடக் கூடாது. திரும்பி உள்ளே போகவும் கூடாது. அந்த ஆள் டீ டம்ளரைக் கீழே வைக்கும் நேரம்தான் எனக்குக் கிடைத்தது.

தபால்காரர் ஒருவர் ஒரே ஒரு வீட்டுப் படி ஏறினால், அந்த வீட்டுக்கு என்ன வந்தது என்று தெருவே கேட்கும். தெரு முழுக்க ஏறி இறங்கினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவரவர் சுற்றுக்கு நாங்கள் 'பீட்' என்று பெயர் வைத்திருந்தோம். நான் கோமதியிடம், "கைப்பையில காகிதம் இருக்கா? எடு. பக்கத்து வீட்டுக்கு வா" என்றேன்.

பக்கத்து வீட்டில் கதவைத் தட்டி, "அறை வாடகைக்கு விடறவங்ககிட்ட ஆய்வு நடத்தறோம். தண்ணி வசதி எப்படி?" என்று கேட்டேன். அங்கே வாடகைக்கு அறையே விடவில்லை. "தண்ணி வசதியா? பஞ்சாயத்துல சொல்லி எத்தினி வருஷமாச்சி தெரியுமா?" என்று அந்த வீட்டுப் பெரியவர் தொடங்கிவிட்டார். கோமதி அதை அத்தனை சிரத்தையாக எழுதிக்கொண்டாள். அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. கட்டில், மின்விசிறி, கொசு. ஒவ்வொரு வாசலிலும் நின்று, குடம் குடமாகக் குறைகள் வாங்கினோம். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. நாங்கள் நின்ற வாசலிலெல்லாம் அவரும் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். தெருக்கோடியில் பொறுமை போய் எங்கள் குறுக்கே வந்து நின்றார்.

"இன்னா சார், நீங்களும் வீடு வீடா தேடறீங்களா?"

"வருடாந்திர ஆய்வுங்க. பௌர்ணமி அன்னிக்குத்தான் குறை எல்லாம் வெளிய வரும்."

"மொத வீட்ல மட்டும் மோர் குடிச்சீங்க."

"ஒவ்வொரு வீட்லயும் குடிச்சா இந்த வயசுல தாங்காதுங்க" என்றேன். சிரித்த முகமாக இருக்க நான் பட்ட பாடு என் தாடைக்குத்தான் தெரியும்.

அவர் திரும்பி முதல் வீட்டை நோக்கி நடந்தார். நாங்கள் தொடர்ந்து போகவில்லை. போனால் பதில் சொன்னதாகிவிடும். தெருக்கோடியிலிருந்து பார்த்தோம். அந்த அம்மாள் அவருக்கும் மோர் கொடுத்தார். இடுப்பில் கைவைத்து ஏதோ சொன்னார். கதவை அகலத் திறந்து உள்ளேயே காட்டினார். அவர் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து, கிரிவலக் கூட்டத்தில் எதிர்த்திசையில் முண்டிக்கொண்டு போனார். வீட்டின் கொல்லைப்புறம் எந்தப் பாதையில் திறக்கிறது என்பதும், அந்தப் பாதையில் அன்று எத்தனை ஆயிரம் பேர் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்கள் என்பதும் ஓசூர்க்காரருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ரேவதி போய்விட்டார் என்று எனக்குத் தெரியும். தப்பித்தாரா என்று தெரியாது. அடுத்த பௌர்ணமிக்கு அந்த அம்மாளிடம் போய்க் கேட்டேன். "யாரு? அப்படி யாருமே இங்க வரலியே சார்" என்றார், அதே முகத்தோடு.

அன்றைக்கே அந்த டிக்கை எடுத்துவிட்டான் செந்தில். கடவுச்சொல் கேட்கும் கட்டத்தையும் எடுத்தான். பெங்களூர்க்காரர்கள் அவனிடம் வருத்தப்பட்டார்கள். உலகமே இப்படித்தான் வளர்கிறது, நீங்கள் மட்டும் ஏன் சிறு நிறுவனமாகவே இருக்க ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்டார்கள். எடுத்து வைத்திருக்கும் முகவரிகளையெல்லாம் அழித்துவிடும்படி நான் அவர்களுக்கு முறைப்படி ஒரு மனு எழுதினேன். பொருள், பார்வை எல்லாம் போட்டு. 'ஹாய்! உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்!' என்று நொடியில் ஒரு மெயில் வந்தது. அடுத்த நாளிலிருந்து அவர்களுடைய விளம்பரங்கள் எனக்கு வரத் தொடங்கின. மனு போட்டவனை வாடிக்கையாளராகப் பதிவு செய்துகொண்டுவிட்டார்கள். எங்கள் துறைக்குக்கூட இது தோன்றியதில்லை.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மார்கழியில் ஒருநாள், கோமதி எதையோ தேடும்போது என்னைக் கூப்பிட்டாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. அழைப்புகளை நிறுத்திய நாங்கள், அந்த புரோகிராமுக்கு வேறு வேலைகளும் கொடுக்கப்பட்டிருந்ததைக் கவனிக்கவில்லை. சேர்ந்த பிறகு தளத்துக்கு வராமல் இருக்கும் புதியவர்களுக்கு அது தானாகவே எழுதும். ரேவதிக்கு வாரந்தோறும் எழுதியிருந்தது.

'ரேவதி, உங்களைக் காணோமே! எங்கே போய்விட்டீர்கள்? உங்களை எல்லா இடத்திலும் தேடுகிறோம்!'

செந்தில் அதை வாசித்தான். "அந்த ஆளு பேசின மாதிரியே இருக்குது சார்" என்றான் மெல்ல. அந்த மெயில் பெட்டியை யார் திறந்து வாசிக்கிறார்கள் என்று எங்கள் மூவருக்கும் தெரியாது. ஓசூரில் ஒருவர் உட்கார்ந்து, தனக்குத் துணையாக ஓர் இயந்திரமும் தேடிக்கொண்டிருப்பதைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கலாம். செந்தில் அந்த புரோகிராமையே முழுசாகப் பிடுங்கி எறிந்தான். பதிவுகள் குறைந்தன. அதன் பிறகு புதியவர் ஒருவருக்குப் போகும் ஒவ்வொரு மெயிலும், அடியில் எங்கள் பெயரோடு, எங்கள் பெயரில் மட்டும் போயிற்று. நான் எழுதினேன். கொஞ்சம் வறட்சியாகத்தான் இருந்தன என்று கோமதி சொல்வாள்.

உங்கள் முன்னால் இருக்கும் திரையில் இதைவிடக் கெட்டிக்கார புரோகிராம்கள் இருக்கும். அவை எதைச் செய்தாலும் அதற்கு ஓர் இனிய பெயர் வைத்திருப்பார்கள். ஒரே ஒன்றை மட்டும் செய்து பாருங்கள்: அது செய்வதைச் சாவி, டயரி, கையெழுத்து என்று வீட்டுச் சொற்களில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லும்போது அசிங்கமாக இருந்தால், சொல்கிற விதத்தில் தவறில்லை.

தை போயிற்று, மாசி வந்தது. பொம்மைப் பெட்டி என் மேசைக்கு அடியிலேயே கிடந்தது. தினமும் தபால் வரும் நேரத்தில் நான் ஏதாவது காரணம் சொல்லிப் படிக்கட்டருகில் நிற்பேன். கோமதி அதைக் கவனித்தும் கேட்டதில்லை. ஒருநாள் மின்கட்டண ரசீதுக்கும் ஒரு கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவில் ஓர் அஞ்சலட்டை இருந்தது. அனுப்புநர் இடம் காலி. கையெழுத்தில் அவசரம் இல்லை.

'போய்ச் சேர்ந்தோம். பூனைக்குச் சளி குணமாகிவிட்டது.'

கோமதி எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். செந்தில் அறையிலிருந்து எழுந்து வந்தான். "எந்த ஊர்லேந்து சார்?" என்று கேட்டான். ஆவலாகத்தான் கேட்டான், பாவம்.

அஞ்சலட்டையில் இரண்டு முத்திரைகள் இருக்கும். ஒன்று போட்ட ஊருடையது, மற்றது வந்து சேர்ந்த ஊருடையது. வாழ்நாள் முழுக்க முத்திரை வாசித்த கண். தலைகீழாக வைத்தாலும், பாதி அழிந்திருந்தாலும் ஊரைச் சொல்லிவிடும். ஆகவே கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தேன். மைப் பேனாவை எடுத்து, ஸ்டாம்பின் மேல் விழுந்திருந்த முத்திரையை அது வெறும் கறுப்பு வட்டம் ஆகும்வரை அடித்தேன்.

"மனு எழுதிக் குடு" என்றேன் செந்திலிடம்.

மற்ற முத்திரையை அப்படியே விட்டேன். அது நம் ஊருடையது. அதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. மை உலர்ந்த பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தேன். திருவண்ணாமலை, 12 மார்ச் 2007.